காரணம் எழுதிய ஓட்டுச் சீட்டுகள்

எங்கள் மலையில் ஓய்வூதியம் வாங்குகிற கிழவர்களில் பாதிப்பேர் கானியோ பெட்ரோனே நிரப்பிய படிவத்தால்தான் வாங்குகிறார்கள். தொழிற்சங்க அலுவலகத்தின் பின்னறையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து ஊராருக்கு விண்ணப்பம் எழுதினான். எல்லோருக்கும் அவன் சொல்லும் பாடம் ஒன்றே ஒன்று.

"காரணத்தை எழுது. எடமில்லன்னா ஓரத்துல எழுது. காரணம் இல்லாத காகிதத்தை மேல இருக்கிறவன் தொடக்கூட மாட்டான்."

நானும் அவனும் ஒரே வகுப்பு. நான் பள்ளிக்கூடம் கூட்டப் போனேன், அவன் காகிதத்தோடு மல்லுக்கட்டப் போனான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் செர்ரா என்று எழுபது பேர் வாழும் குடியிருப்பு. பாலத்தை வெள்ளம் கொண்டுபோய் மூன்று வருஷம். அங்கே வித்தினா அத்தையின் புருஷன் பெப்பேவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் இந்தக் கரையில் நிற்கும். நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். தண்ணீர் ஏறினால் அன்றைக்குப் போக முடியாது.

கானியோ பாலத்துக்குப் பதினோரு மனு போட்டான். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியில் வெறுத்துப்போய் மண்டல சபைத் தேர்தலில் தானே நின்றான். கட்சிக்காரர்களுக்குப் பட்டியலில் ஒரு பெயர் குறைந்திருந்தது, சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தத் தேர்தலின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஒரே சீட்டில் இரண்டு ஓட்டு. ஒன்று மாகாணத்துக் கட்சிப் பட்டியலுக்கு. சின்னத்தில் கோடு போட்டு, பக்கத்தில் பிடித்தவர் பெயரை நம் கையாலேயே எழுதலாம். அந்தப் பட்டியலில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அவருக்கு இடம். இன்னொன்று மண்டலத் தலைவருக்கு. அவர் வாலைப் பிடித்துக்கொண்டு வேறொரு பட்டியல் வரும். அதில் இருப்பவர் பெயரை ஒருத்தரும் எழுத வேண்டாம், தலைவர் ஜெயித்தால் அவர்களும் உள்ளே. எங்கள் தலைவரின் வாலில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆட்டுக்கறி தின்றுவிட்டுப் போனவர்தான், அப்புறம் ஆளைக் காணோம்.

கானியோ செர்ராவில் வீடு வீடாகப் போனான். வித்தினா அத்தை கேட்டாள்:

"உம் பேரை எழுதினா பாலம் வருமாடா?"

"நீங்க எழுதுங்க அத்தை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

பெயர் எழுதச் சொல்லிக்கொடுத்தான். வேறு எதையும் எழுதாதே என்று சொல்ல அந்த மடையனுக்குத் தோன்றவில்லை.

திங்கள் மதியம் எண்ணிக்கை. குலுக்கலில் பெயர் வந்து நானும் எண்ணும் மேசையில் இருந்தேன். மூன்றாம் சாவடி, முழுக்கச் செர்ரா ஓட்டு. தலைமை அதிகாரி நகரத்து இளம் வக்கீலம்மா. முதல் சீட்டைப் பிரித்தவள் அப்படியே நின்றாள். பெட்ரோனே என்ற பெயருக்குக் கீழே: "காரணம்: பாலம் இல்லை. ஆம்புலன்ஸ் வரமாட்டேன் என்கிறது."

"யார் எழுதினதுன்னு அடையாளம் தெரியற மாதிரி ஏதாவது இருந்தா சீட்டு செல்லாது" என்றாள்.

அடுத்த சீட்டிலும் காரணம். அதற்கடுத்ததிலும். ஒருவர் "மிக்க மரியாதையுடன்" என்றே முடித்திருந்தார்.

"அடையாளமெல்லாம் ஒண்ணும் தெரியல" என்றேன். பொய். ஒவ்வொரு கையெழுத்தும் யாருடையதென்று எனக்குத் தெரியும்.

"பெப்பேவுக்கு வாரம் மூணு தடவைன்னு இதுல எழுதியிருக்கு பாருங்க. எத்தனை பெப்பே இருக்காங்க இங்க?" என்றாள் வக்கீலம்மா.

நாற்பத்துநாலு சீட்டு செல்லாமல் போனது. தன் பட்டியலில் முதலில் வந்தவனைவிட கானியோவுக்கு முப்பத்தொன்று குறைவு. தலைவர் ஜெயித்தார், பல் டாக்டர் உள்ளே போனார்.

செர்ராவில் கானியோவுக்கு ஒன்பது ஓட்டு என்ற செய்தி பரவியதும் அங்கே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. எவன் துரோகி என்று மச்சான்கள் அடித்துக்கொண்டார்கள். பொறுக்காமல் கானியோ என்னையும் இழுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினான். வித்தினா அத்தை வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள்.

"நீங்க எல்லாரும் எனக்குத்தான் போட்டீங்க. தப்பு என்னோடது. காரணம் எழுதக்கூடாதுன்னு நான் சொல்லல."

வித்தினா அத்தை என்னைப் பார்த்தாள்.

"நாங்க எழுதினதை யாராச்சும் படிச்சாங்களாடி?"

"படிச்சோம் அத்தை. ஒண்ணு விடாம."

"அப்புறம்?"

"கட்டி, முத்திரை வச்சு, கோர்ட்டுக்கு அனுப்பிட்டோம்."

அவள் முகம் மலர்ந்தது. "முத்திரை வச்சா!" என்றாள். உள்ளே திரும்பிக் கத்தினாள்: "ஏங்க, நம்ம காகிதம் கோர்ட்டுக்கே போயிருக்காம்!"

"பதில் எப்ப வரும்?" என்று பெப்பே படுக்கையிலிருந்து கேட்டார்.

எண்ணி முடித்த சீட்டெல்லாம் வழக்கமாகப் போகும் இடம்தான் அது, அந்தக் கட்டுகளை யாரும் பிரிக்கமாட்டார்கள், கொஞ்சநாள் வைத்திருந்து அழித்துவிடுவார்கள் என்று கானியோவுக்கு நன்றாகத் தெரியும்.

"தொண்ணூறு நாள்" என்றான் அந்தப் பாவி.

மே மாதம் ஒரு வாரம் விடாமல் மழை. ஓடை இறங்கவே இல்லை. பெப்பே அந்தச் சனிக்கிழமை இறந்தார்.

அடக்கம் முடிந்ததும் வித்தினா அத்தை கானியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோர்ட்டுக்கு ஒரு காகிதம் எழுதிடுடா. அவரு போயிட்டாருன்னு. தெரியாம பாலத்தைக் கட்டிடப் போறாங்க."

கானியோ சரி என்றான்.