எபனேசர் சாரின் ஜாக்கெட்டும் ஜெயபாண்டியின் பாலிஷும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெயபாண்டி பாலிஷ் போட்ட பூட்ஸைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு ஒரு பட்டாளமே வரிசையில் நின்று சவரம் செய்துகொண்டது. பட்டாளமே என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஜோத்பூரில் ஒரு சுபேதார், ஒரே ஒரு நாள், மீசையின் இடது பக்கத்தை மட்டும் அதில் பார்த்துச் சரிசெய்துகொண்டார். ஆனால் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவருக்கு அந்த அரை மீசை போதும். மீதியை ஊர் வளர்த்துக்கொள்ளும்.

கான்சாபுரத்தில் பிறந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டிக் குடியேறிய ஜெயபாண்டிக்குக் குறை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஊரில் தென்னந்தோப்பு இருந்தது. மகளை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. மனைவி மாரிக்கனி வெடுக்கென்று பேசுவாளே தவிர எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டாள். போலீஸ்காரராக இருந்த அவருடைய அப்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் வாங்கிய புல்லட் இன்றைக்கும் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். இத்தனையும் இருந்தும் ஒரு வருடமாக அவருக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. காரணம், எபனேசர் சாரின் ஜாக்கெட்.

எபனேசர் ராஜபாளையத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் உண்டு. இப்படிப் பழைய வண்டி வைத்திருக்கும் இருபது பேர் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் கூடி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் செண்பகத்தோப்பு வரை ஊர்வலமாகப் போவார்கள். ஆறு வருடமாக முன்னால் போன வண்டி ஜெயபாண்டியின் புல்லட்தான். போன வருடமும் அதுதான் முன்னால் போனது. ஆனால் மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் இருந்தவர் எபனேசர் சார். காப்பிக் கலர் தோல் ஜாக்கெட், விமானி போடுவது போன்ற கண்ணாடி, பாதித் தலைக்கு ஒரு ஹெல்மெட். பார்த்தால் கருப்பு வெள்ளைப் படத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி. ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அது ஜெயபாண்டியுடையது.

மாரிக்கனி அந்தப் படத்தை வெட்டி ரேஷன் கார்டோடு வைத்தாள். புருஷனுடைய முழங்கை பேப்பரில் வந்த பெருமை அவளுக்கு. அவரோ நாள் தவறாமல் அதை எடுத்துப் பார்த்து வயிறெரிந்தார்.

இந்த வருடம் எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றியவன் பாலகணேஷ். மில்லில் சூப்பர்வைசர். ஊர்வலத்தை நடத்துவதும் படம் எடுத்துப் பேப்பருக்கு அனுப்புவதும் அவன்தான். முன்னால் போகிறவர் அந்தக் காலத்து உடுப்பில் இருக்க வேண்டும், யார் என்பதைப் பஞ்சு மார்க்கெட்டில் பார்த்து முடிவு செய்வோம் என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டான். முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர் எபனேசர்.

"பாத்தியா, எம்புட்டு அவசரம்னு!" என்றார் ஜெயபாண்டி.

"கட்டவெரலத்தானே காட்டிருக்காவ. அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிய?" என்றாள் மாரிக்கனி.

மறுநாளே இருவரும் ராஜபாளையம் புறப்பட்டார்கள். தென்காசி ரோட்டில் பெலிக்ஸ் என்பவர் புதிதாகக் கடை போட்டிருந்தார். பழைய மோஸ்தரில் செய்த புதுச் சாமான்கள் அங்கே கிடைக்கும். வண்டியில் போனால் கடை வாசலில் நிற்கும் புல்லட்டை எபனேசர் பார்த்துவிடுவார் என்று ஜெயபாண்டி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். கடைக்குள்ளும் நேராக நுழையவில்லை. எதிர்க்கடையில் ஒரு டீயைக் குடித்தபடி நோட்டம் பார்த்துவிட்டுத்தான் படியேறினார்.

உள்ளே தோல் வாசனை மூக்கைத் துளைத்தது. சைக்கிளுக்குப் பித்தளை மணி, தையல் போட்ட தோல் சீட்டு, புல்லட்டின் பக்கவாட்டில் தொங்கவிடும் பை, முழங்கை வரை ஏறும் கையுறை என்று சுவர் முழுக்கத் தொங்கியது. ஜெயபாண்டி எதையும் தொடவில்லை.

"இங்க ஒரு வாத்தியார் வந்தாவளா?" என்று கேட்டார்.

"எபனேசர் சாரா? நேத்துத்தான் வந்தாவ அண்ணாச்சி. கையுறை வாங்கிட்டுப் போனாவ."

"என்ன கலரு?"

"காப்பிக் கலரு."

"அதவிடப் பழசா ஒரு ஜாக்கெட் குடும்."

பெலிக்ஸ் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். முழங்கையில் சாயம் போயிருந்தது. காலர் நைந்திருந்தது. தோள்பட்டையில் யாரோ நாற்பது வருடம் மூட்டை சுமந்த மாதிரி கீறல்கள்.

"இது எவன் போட்டுக் கழிச்சது?" என்றாள் மாரிக்கனி.

"புதுசுதான், அக்கா. கம்பெனியிலயே பழசு மாதிரி தேச்சு அனுப்புதாங்க. எம்புட்டு மங்கலா இருக்கோ அம்புட்டு மவுசு."

"நல்லாருக்கே! நான் வீட்டுல பழசத் தேச்சுப் புதுசாக்கியே கையொடிஞ்சு போறேன். இவிய புதுசத் தேச்சுப் பழசாக்கி விக்காவளாம்."

ஜெயபாண்டி மாட்டிப் பார்த்தார். கைகள் பொருந்தின. ஜிப் மட்டும் தொப்புளைத் தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டது.

"சாருக்குத் தோள்பட்ட எப்படி இருந்துச்சு?"

"அவியளுக்கு அளவெடுத்துத் தச்சாப்ல இருந்துச்சு, அண்ணாச்சி."

"எனக்கு?"

பெலிக்ஸ் நல்ல வியாபாரி. ஜிப்பைக் கீழே இறக்கிவிட்டார். "உங்களுக்குப் பட்டாளத்து ஒடம்புலா. ஜாக்கெட்டுக்குத்தான் உங்களத் தாங்கத் தெம்பு பத்தல. தெறந்து போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்."

எபனேசரிடம் இருப்பதைவிடப் பெரிய கண்ணாடி, எபனேசரிடம் இருப்பதைவிட நீளமான கையுறை, எபனேசரிடம் இல்லவே இல்லாத ஒரு கழுத்துத் துணி எல்லாவற்றையும் அந்த ஜாக்கெட்டோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். எபனேசரைக் கொண்டே எல்லாவற்றையும் அளந்ததில், தனக்கு எது பிடித்திருக்கிறது என்று பார்க்க மறந்துபோனார்.

சனிக்கிழமை மதியம் கட்டிலில் எல்லாவற்றையும் பரேடுக்குப் பரப்புவது போலப் பரப்பினார். பட்டாளத்தில் பழகிய பழக்கம். எங்கே போவதானாலும் முதல் நாள் பாலிஷ் போட்டாக வேண்டும். டப்பாவைத் திறந்தார். முதலில் பூட்ஸ், பிறகு பெல்ட். கை தன் போக்கில் ஓடியது. மனசோ ராஜபாளையத்தில் இருந்தது. எபனேசரின் ஜாவா பஞ்சு மார்க்கெட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஒரு தேய்ப்பு. எபனேசரின் கண்ணாடியில் ஆவி படிந்து வழி தெரியவில்லை. இன்னொரு தேய்ப்பு. பாலகணேஷ் அவரைக் கடைசிக்குப் போகச் சொல்கிறான். அடேயப்பா, அதற்கு நாலு தேய்ப்பு. எபனேசர் இருபது வண்டிப் புகையையும் குடித்துக்கொண்டு பின்னால் வருகிறார் என்ற இடத்தில் ஜெயபாண்டி வாய்விட்டே சிரித்துவிட்டார்.

சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தால் கையில் இருந்தது ஜாக்கெட்.

கீறல் ஒன்றைக்கூடக் காணோம். நைந்த காலர் பாம்புத் தோல் போல மின்னியது. முதுகில் ஜன்னல் கம்பி ஐந்தும் எண்ணி எடுக்கிற மாதிரித் தெரிந்தன.

தேங்காய் நாரால் தேய்த்தார். வாசல் மண்ணை அள்ளிப் போட்டுப் புரட்டினார். ராணுவப் பாலிஷ் அசையவில்லை. தட்டிய பிறகு முன்னைவிட ஜொலித்தது.

"புத்தம் புதுசா இருக்கு. நல்லாத்தானே இருக்கு?" என்றாள் மாரிக்கனி.

"நீ செத்தச் சும்மா இருட்டி!"

ஞாயிறு காலை, தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகப்போகிற ஊர்வலத்துக்காகப் பதினொரு கிலோமீட்டர் எதிர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டு ராஜபாளையம் போய்ச் சேர்ந்தார் ஜெயபாண்டி. பின்னால் மாரிக்கனி, மடியில் இட்லித் தூக்குச்சட்டியோடு.

பஞ்சு மார்க்கெட்டில் அவரைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை அழைப்புக்கா போறிய?"

"ஏலே, ஷோரூம்ல இருந்து நேரா வாராவ போல. பிளாஸ்டிக் கவரப் பிரிச்சாச்சா?"

பாலகணேஷுக்குச் சங்கடம். "அந்தக் காலத்து உடுப்புன்னுலா சொல்லிருந்தேன், அண்ணாச்சி" என்றான்.

எபனேசர் பக்கத்தில் வந்து காலரைத் தொட்டுப் பார்த்தார். "அந்தக் காலத்துலயும் ஜாக்கெட் முதல்ல புதுசாத்தானே இருந்துருக்கும், தம்பி?" என்று பாலகணேஷிடம் கேட்டவர் ஜெயபாண்டி பக்கம் திரும்பினார். "எனக்கும் ஒருநா இப்படிப் போட்டுக் குடுங்க. எனக்கு இந்தப் பளபளப்பு வர மாட்டேங்கு."

கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மனிதர் மனசாரச் சொன்னார். அதுதான் ஜெயபாண்டிக்கு நெஞ்சில் போய்க் குத்தியது. நல்லவன் என்ற பெயரையும் இவரே வாங்கிக்கொள்ள வேண்டுமா?

எபனேசர் முன்னால் போனார். நேர் பின்னால் ஜெயபாண்டி. அந்த மங்கிய தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் ரோட்டோரத்து மாந்தோப்பு எதுவும் அவர் கண்ணில் படவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால் ஒரு பாலத்துப் பக்கத்தில் பாலகணேஷ் முன்கூட்டியே போய்க் கேமராவோடு நின்றான். காலை வெயில் ஓட்டி வருகிறவர்கள் முகத்துக்கு நேராக அடித்தது. மூன்று படம் எடுத்தான்.

செண்பகத்தோப்பில் வண்டிகளை நிறுத்தியபோது கேமராவைத் தட்டிக்கொண்டே வந்தான் பாலகணேஷ். மூன்று படத்திலும் எபனேசர் சாரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒளி உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. அவருடைய தோளுக்குப் பின்னால், கண்ணாடியும் மீசையுமாக, ஜெயபாண்டி மட்டும் தெளிவாக விழுந்திருந்தார்.

"சார் மொகம் போச்சே. பேப்பருக்கு அண்ணாச்சி படந்தான்" என்றான்.

"கையுறையாவது தெரியுதுல்லா, போதும்" என்று எபனேசர் இட்லிக்குக் கை நீட்டினார்.

திங்கள்கிழமை படம் வந்தது. ஜெயபாண்டி பேப்பரை விரித்துவைத்து இரண்டு முறை சட்டினி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பாத்தியாட்டி என் பாலிஷ! சூரியனவே திருப்பி அனுப்பிருக்கு. ஜோத்பூர்ல அந்த சுபேதார் அன்னைக்கே சொன்னாரு..."

மாரிக்கனி கழுவிய தூக்குச்சட்டி மூடியைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்தாள்.

"சுபேதாரச் செத்த நேரம் ஒக்கார வைங்க. பாலகணேஷ் கேமராவத் தூக்கையில இந்த மூடிய ஒங்க தோளுக்கு மேல நீட்டி, சார் தலைக்கு நேரா வெயிலத் திருப்புனது நான். ஒங்க பாலிஷ் எங்க திருப்புச்சு? அது பஞ்சு மார்க்கெட் தாண்டும்போதே வேர்வையில எளகிப் பூரா என் சேலையிலலா ஒட்டிக் கெடக்கு. கொடியில காயுது, போய்ப் பாருங்க."