அம்மாயி என்று சொன்ன நடுவர்

பல்லடத்தில் செவ்வந்தி மெஸ் எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஜப்பான் மெஸ் என்று கேளுங்கள், தறிக்குடோன் வாசலில் நிற்பவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார். பெயரை நம்பி ஏதோ புதுச் சாப்பாடு கிடைக்கும் என்று வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் சோறு, பருப்பு, குழம்பு, ரசம், ஒரு பொரியல்தான். ஜப்பான் இலையில் இல்லை, சுவரில் மாட்டியிருக்கும் டிவியில் இருக்கிறது.

அந்த டிவிக்குப் பொறுப்பாளர் செவ்வந்தியின் வீட்டுக்காரர் காளிச்சாமி. வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் டிவி மெக்கானிக்காக இருந்துவிட்டு இப்போது மெஸ்ஸில் இலை போடுகிறார், காய் வாங்கி வருகிறார், கை கழுவும் தொட்டியில் தண்ணீர் தீராமல் பார்த்துக்கொள்கிறார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இதில் ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டார். "போட்டி போடறனுங்க" என்பார். பொய்யில்லை. தினமும் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ஜப்பான்காரர்களின் சமையல் போட்டியை டிவியில் போடுவது அவர்தான்.

எப்போதோ நின்றுபோன நிகழ்ச்சி அது. இரண்டு சமையல்காரர்கள், ஒரே காய், முக்கால் மணி நேரம், ருசி பார்க்க ஐந்து நடுவர்கள். ஜப்பானில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்தில் வீடியோ கேசட்டில் பதிந்து வைத்ததை எப்போதாவது இணையத்தில் ஏற்றுவார். படம் மழையில் நனைந்த மாதிரி ஓடும், கீழே எழுத்தும் வராது. காளிச்சாமி நிகழ்ச்சியின் பெயரை ஒரு வீடியோவிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டி, கைபேசியில் தேடிக்கொண்டே இருப்பார். புதிதாக ஒரு பாகம் அகப்பட்டுவிட்டால் அன்றைக்கு அவர் நடையே வேறு. தறிக்காரர்கள் கட்சி பிரிந்து உட்கார்ந்து, "மொட்டைத் தலைக்காரருதான் ஜெயிப்பாரு" என்று வாதாடிக்கொண்டே இரண்டாம் சோறு வாங்குவார்கள்.

பாஷை தெரியாதே என்று அவரிடம் யாரும் சொல்லிவிட முடியாது. "ஏன் தெரியாது?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை ஒரு நடுவர் வாயில் வைத்ததும் மூஞ்சி சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, "கராய்" என்றார். கராய் என்றால் காரம். இதற்கு வாத்தியார் எதற்கு? அந்த ஒரு சொல் சரியாக அமைந்ததில் அவருக்கு வந்த தைரியம் கொஞ்சமல்ல. ஒரு தூணை நட்டுவிட்டு மாடி வரை கட்டிவிட்டார். அந்த மாடியில்தான் இப்போது விரிசல் விழுந்தது.

கதை 2012-இல் தொடங்குகிறது. அப்போது காளிச்சாமிக்கு வேலை கோயமுத்தூர் காந்திபுரத்தில், சுந்தரராஜுலுவின் டிவி கடையில். மொட்டை மாடியில் ஆளுயர டிஷ் ஒன்று இருந்தது. அதை விரற்கடை அளவு திருப்பி வைத்தால் ஒரு ஜப்பான் சேனல் விழும். மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. முதலாளியும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பழைய போட்டிகளைப் பார்ப்பார்கள்.

அந்த நாளில் செவ்வந்தி ஒரு கல்யாணச் சமையல் குழுவில் இருந்தாள். பதினொரு வருஷம். மூட்டை மூட்டையாகக் காய் நறுக்குவாள், தேங்காய் துருவுவாள், அண்டா கழுவுவாள். அடுப்புப் பக்கம் மட்டும் விட மாட்டார்கள். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த காரணம். வீட்டில் அவள் வைக்கும் குழம்பைத் தின்றவர் காளிச்சாமி. அந்தக் குழுவின் தலைமைச் சமையல்காரர் இவளிடம் பத்து நாள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய முடிவு. தனியாகக் கடை போடு என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "நாம ஆக்குனா ஆரு வந்து திங்கப்போறாங்க" என்பாள் அவள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கத்திரிக்காய்ப் போட்டி வந்தது. ஒரு பக்கம் வெள்ளைத் தொப்பி வைத்த பெரிய ஓட்டல் மாஸ்டர். இன்னொரு பக்கம் ஒரு மில் கேண்டீனில் சோறாக்கும் பெண். கேண்டீன் படத்தையும், அவள் வரிசையாகத் தட்டு நிரப்புவதையும் முதலில் காட்டினார்கள், அதனால் இவர்களுக்குப் புரிந்தது. நாற்பது வயதிருக்கும். தலையில் சீட்டித் துணியைக் கட்டியிருந்தாள். காளிச்சாமி ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார். முக்கால் மணி நேரமும் அவருக்கு அந்தப் பெண் செவ்வந்தியாகவே தெரிந்தாள்.

சமையல் முடிந்தது. வயதில் மூத்த நடுவர் அவளுடைய கத்திரிக்காயை ஒரு வாய் தின்றார். கண்ணை மூடினார். "அமாய்" என்றார். அந்த நிமிஷம் டிவி அணைந்தது.

அந்த வருஷத்து மின்வெட்டைப் பற்றிக் கோயமுத்தூர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடை இன்வெர்ட்டரும் காலையிலேயே உயிரை விட்டிருந்தது.

"காளி, கேட்டியா? அம்மாயின்னாரு" என்றார் சுந்தரராஜுலு. அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "எங்க பாசைல அம்மாயின்னா பொண்ணு. பொண்ணுன்னா இவதான்டா பொண்ணுங்கறாரு."

"இல்லீங்க மொதலாளி. அம்மாயின்னா அம்மாவப் பெத்தவங்க. அவரு கண்ண மூடுனாரு பாத்தீங்கல்ல? எங்க அம்மாயி கைப்பக்குவம் மாதிரியே இருக்குதுங்கறாரு."

டீ வந்து ஆறும் வரை வாதம் நடந்தது. பொண்ணா, அம்மாயியா என்பதில்தான் சண்டை. ஜெயித்தது அவள்தான் என்பதில் தமிழுக்கும் தெலுங்குக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் கரண்ட் வந்தபோது திரையில் ஏதோ செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை செவ்வந்தி விரலில் துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எட்டு மூட்டை வெங்காயம். சுவரோரம் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளிச்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் நினைப்பை மாற்றத்தான் போட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். முடிவுக்கு வந்தபோது வாய் நிற்கவில்லை.

"அந்தக் கேண்டீன்காரி ஜெயிச்சுப்போட்டா அம்மணி. ஓட்டல் மாஸ்டரே வந்து குனிஞ்சு கும்புட்டாரு. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க."

"நெசமாலுமா?"

"என் கண்ணால பாத்தேன்."

அடுத்த மாசம், தறிக்குடோன்கள் இருக்கும் இந்தச் சந்தில் ஒரு அறையைப் பிடித்து அடுப்பு மூட்டினாள். முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். இப்போது மத்தியானம் மூன்று பந்தி ஓடுகிறது. யார் வந்து தின்பார்கள் என்ற கேள்வியை அவள் மறந்தே போனாள்.

காளிச்சாமி மறக்கவில்லை. அவர் சொன்ன பொய் பதின்மூன்று வருஷமாகக் கல்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர் யாராவது, "எப்படீங்க்கா துணிஞ்சு கடை போட்டீங்க?" என்று கேட்டால் செவ்வந்தி அந்தக் கேண்டீன்காரியின் கதையை, நடுவர் அம்மாயி என்றது உட்பட, சொல்லுவாள். கை தட்டிய இடம் வரும்போது காளிச்சாமி தண்ணீர் தொட்டியைப் பார்க்கப் போய்விடுவார். ஜெயித்துத்தான் இருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நடுவர் அம்மாயி என்றாரே, அது போதாதா?

போதாது என்று சொன்னவள் கயல்விழி. கோயமுத்தூரில் ஒரு ஜப்பான் கம்பெனிக்கு வேலை செய்யும் ஆபீசில் இருக்கிறாள், அந்தப் பாஷையைப் படித்துப் பரீட்சை எழுதியவள். சனிக்கிழமை ஊருக்கு வந்தால் மெஸ்ஸில்தான் சாப்பாடு. ஒருநாள் செவ்வந்தி சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, காளிச்சாமி ரசம் ஊற்றும்போது, "அமாய்னா இனிப்புங்ணா. அம்மாயி எல்லாம் இல்லீங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். ரசம் இலையைத் தாண்டிப் போனது.

"இனிப்புன்னா நல்லதுதானுங்களே?"

"குழம்புல இனிப்புன்னா?"

அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பெண் நல்லவள், அதனால் விடவில்லை. தேடித் தேடி இரண்டு வாரத்தில் அந்தப் பாகத்தையே கண்டுபிடித்துவிட்டாள். ஓசாகாவில் ஒருவர் கேசட்டிலிருந்து ஏற்றியிருந்தார், முழுசாக. வரும் சனிக்கிழமை போடலாம் என்று செவ்வந்தியிடமே போய்ச் சொல்லிவிட்டாள். செவ்வந்திக்குத் தலைகால் புரியவில்லை. "எங்காளு ஜெயிக்கறத நானும் ஒருக்காப் பாக்கோணும்" என்று சந்திலிருந்த அத்தனை தறிக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டாள்.

காளிச்சாமி பயந்துபோனார். மானம் போவதுகூடப் பெரிதில்லை. ஒரு பொய்யின் மேல் நின்று இத்தனை வருஷம் சமைத்தோம் என்று தெரிந்தால் அவள் கை தளர்ந்துவிடுமோ என்பதுதான் பயம். சுந்தரராஜுலுவுக்குப் போன் போட்டார். "டீவி ரிப்பேருன்னு சொல்லிப்போடு" என்றார் அவர். காளிச்சாமியும் சொன்னார். முப்பது வருஷ மெக்கானிக் வீட்டு டிவி, அதுவும் சனிக்கிழமை பார்த்து ரிப்பேர். செவ்வந்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். டிவி நன்றாகவே ஓடியது.

சனிக்கிழமை முதல் பந்தியில் உட்கார இடமில்லை. பந்தி நேரத்தில் முதல்முறையாகச் செவ்வந்தி அடுப்பை விட்டு வெளியே வந்து, கையில் கரண்டியோடு நின்று பார்த்தாள். கேண்டீன்காரி வந்ததும், "இந்தம்மாவா? பாவம், கை நடுங்குது பாருங்க" என்றாள். கத்திரிக்காயைக் கீறிய விதம் அவளுக்குப் பிடித்துவிட்டது. எண்ணெயில் போட்ட பக்குவத்துக்கும் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது.

"ரெண்டாந்தடவ எதுக்குச் சக்கரையப் போடறா? மொதல்லயே போட்டாளே. பதட்டத்துல மறந்துபோட்டா."

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. காளிச்சாமி அன்றைக்குப் பார்த்தபோதும் கவனித்திருக்கவில்லை.

மூத்த நடுவர் தின்றார், கண்ணை மூடினார், "அமாய்" என்றார். இந்த முறை டிவி அணையவில்லை. அவர் கண்ணைத் திறந்து, உதட்டைச் சுழித்து, இன்னும் நாலு வார்த்தை பேசினார். கயல்விழி மெதுவாகச் சொன்னாள். "இனிப்பு தூக்கலா இருக்காம். காயோட ருசி தெரியலையாம்." மூன்று பேர் ஓட்டல் மாஸ்டருக்குக் கை தூக்கினார்கள். இரண்டு பேர் அவளுக்கு. கேண்டீன்காரி குனிந்து வணங்கிவிட்டுத் தன் சட்டியைத் தானே கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

மெஸ்ஸில் யாரும் சோற்றைப் பிசையவில்லை.

"ஏனுங்க" என்றாள் செவ்வந்தி திரும்பாமலே. "எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்கன்னீங்க."

"கரண்டு போயிருச்சு அம்மணி. அதுக்கப்பறம் நான் ஒண்ணும் பாக்கலை."

"அப்ப ஜெயிச்சான்னது?"

"நானாச் சொன்னது."

கயல்விழி இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. காளிச்சாமி ரசவாளியைப் பிடித்தபடி நின்றார். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வீடியோ முடிந்திருந்தது. செவ்வந்தி அவர் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. "தோத்துட்டான்னு அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா நான் கடை போட்டிருக்க மாட்டனுங்க. மறுநாளும் வெங்காயம் அரியத்தான் போயிருப்பேன்."

"கரண்டு போனது நல்லதாப் போச்சு" என்றாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த தறிக்காரர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க்கா. அந்த வருசம் எங்களுக்குப் பாதி நாள் தறியே ஓடலீங்க. ஊரே நாசமாப் போச்சு."

"ஊருக்கு நல்லதுன்னு நான் சொல்லலீங்க தம்பி" என்று அவர் இலையில் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள் செவ்வந்தி. "எனக்குச் சொன்னேன்."

காளிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல அடுப்பைப் பார்த்து நடந்தாள். உள்ளே போகும்போது, "நின்னுட்டே இருக்கீங்களே, ரெண்டாம் பந்திக்கு எலையப் போடுங்க" என்றாள்.