ஜப்பான்காரி முத்துக் குளித்த படம்

பேரன் கைப்பேசியில் ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எட்டிப் பார்த்ததும் சட்டென்று திருப்பிக்கொண்டான். "தாத்தா, இது சின்னப் பிள்ளைக பாக்குறது இல்ல, பெரியவங்களுக்குள்ளது" என்றான். பெரியவர்களுக்கென்றே அந்த ஊரில் படம் வரைவார்கள் என்பது எனக்கு அவனுடைய அப்பன் பிறப்பதற்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் சரியில்லை.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். பி.ஏ. படித்த கடற்கரைப் பையன் என்ற கர்வம். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்றில் மை கிடையாது. உப்பு ஏற்ற வந்த ஜப்பான் கப்பலின் சமையலறையில் எங்கள் தெருவைப் போலவே கருவாடு மணக்கும். அந்த மணத்துக்காகவே அங்கே போய் நிற்பேன். சமையல்காரனுக்கு நல்ல மீன் வாங்கிக் கொடுத்ததில் பழக்கமானோம். ஒருநாள் படச்சுருள் டப்பா ஒன்றைக் காட்டினான். மூக்கைப் பிடித்து முங்கினான். விரலை வளைத்து முத்து என்றான். காற்றில் படம் வரைந்து காட்டினான். முத்துக்குளிப்பு, அதுவும் வரைந்த படம். எனக்கு அது போதும். டப்பாவை வாங்கி வந்துவிட்டேன்.

தங்கை கணவர் சேசடிமை பதினாறு எம்.எம். மிஷின் வைத்துப் படம் காட்டுகிறவர். கீழவைப்பார் வரைக்கும் உள்ள சர்ச்சுகளின் பங்குச்சாமிமார் படம் காட்டக் கூப்பிட்டால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

"மச்சான், முதல்ல ஒருக்கா நாம ஓட்டிப் பாத்துக்கிடுவமா?" என்றார்.

"பொம்மப் படத்துல என்ன மச்சான் இருக்கப்போவுது? நம்ம தொழிலு. சனம் சந்தோசப்படும்" என்றேன்.

ஞாயிறு மதியம், கோயில் பள்ளிக்கூட மண்டபம். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் பாய்மரத் துணி கட்டினோம். விடலைகள் இடித்து நுழையாமலிருக்கக் கதவுக்கு வெளியே பூட்டு. முன்னால் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள். நாற்காலியில் பங்குச்சாமி, பக்கத்தில் நான்.

படகிலிருந்து ஒருத்தி கடலில் குதித்தாள். இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை புருஷன் கையில். சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பில், சலாபத்தில், முங்கி எழுந்த கிழவர் ஒருவர் கூட்டத்திலிருந்து சத்தம் போட்டார்: "ஏலே, புருசன் கையிலயா கயிறக் குடுப்பாக? மச்சினன் என்ன செத்தா போனான்?" மண்டபமே சிரித்தது. எங்கள் பக்கம் முத்துக் குளிக்கிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் கயிற்றை விடுவான் என்ற நம்பிக்கை.

பிறகு படம் கரைக்கு வந்தது. முத்து வியாபாரியின் வீடு. அவளுடைய ஈரத்துணி அவிழ்ந்தது. அதோடு நிற்கவுமில்லை. தாய்மார் முந்தானையால் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள்; தங்கள் கண்ணைப் பொத்தக் கை மிஞ்சவில்லை. கதவை இடித்தார்கள். சாவி வைத்திருந்தவன் டீ குடிக்கப் போயிருந்தான். எனக்கு எழுந்து போக வழியில்லை, உட்கார்ந்திருக்க முகமில்லை.

மறுபடியும் கடல். எல்லாம் தெரிந்துகொண்ட புருஷன், அவள் அடியில் இருக்கும்போது கயிற்றை நழுவவிட்டான். "நிறுத்துலே!" என்று சாமியார் கத்தினார். பதறிய மச்சான் சுருளை நிறுத்தினார், விளக்கை அணைக்க மறந்தார். சூட்டில் சுருள் கருகி, அவள் முகத்தில் பழுப்பாய் ஓர் ஓட்டை விழுந்து விரிந்தது.

"ஓட்டுலே! அவளுக்கு மூச்சு முட்டுதுலே! மேல தூக்குங்கலே!" கிழவர் அழுதேவிட்டார்.

ஜன்னல் துணிகளை அவிழ்த்ததும் சாமியார் கேட்டார்: "இது யாரு கொண்டாந்த படம்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் குனிந்து, காலில் கிடந்த செருப்பையே தேடினேன்.

"நாந்தான் சாமி" என்றார் மச்சான்.

அதற்குப் பிறகு எந்தப் பங்கும் அவரைக் கூப்பிடவில்லை. மிஷினை விற்றுவிட்டு வெளிநாட்டுக் கப்பலில் ஏறினார். கொஞ்ச காலம் தபால் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

தங்கை என் வீட்டில்தான் இருக்கிறாள். படத்தைக் கொண்டுவந்தது நான் என்று மச்சான் அவளிடம்கூடச் சொல்லவில்லை. "அந்த மனுசன் எங்க கெடந்த படத்த எடுத்துட்டு வந்தாரோ, எங்குடியக் கெடுத்துட்டாரு" என்பாள். அவள் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

மண்டபத்தை இடித்துவிட்டார்கள். அந்தக் கிழவர் இல்லை. முத்துச் சலாபம் நின்றே போயிற்று. கயிறு பிடிக்க இனி எவனுக்கும் மச்சினன் தேவையில்லை. அந்தப் படம் கிடைக்குமா என்று பேரனைத் தேடச் சொன்னேன். பேர் கேட்டான். டப்பாவின் மேல் ஜப்பான் எழுத்தில் இருந்தது. நான் எங்கே படித்தேன்? அவள் மேலே வந்தாளா என்று இன்றுவரை தெரியாது.

"என்னத்தண்ணே தேடுதிய?" உள்ளேயிருந்து தங்கை கேட்டாள்.

"ஒண்ணுமில்லளா" என்றேன்.