ஆட்டுத் தீவனத்தை விறகாக அடுக்கியவர்

ஈஸ்டர் கழிந்த ஞாயிறு மதியம், கடைசி வாய் கிப்பே இறைச்சி உருண்டையை விழுங்கிய கையோடு மெல்ஹெம் தன் முடிவை அறிவித்தார்.

"இந்த வருஷம் டீசல் ஹீட்டர் கிடையாது. விறகு அடுப்புதான். கடை இறைச்சியும் கிடையாது. நாமளே ஒரு கிடா வளர்க்கறோம்."

மனைவி நஜ்லா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சாப்பிட வந்திருந்த அவளுடைய அக்கா ஸல்ஃபாதான் வாயைத் திறந்தாள்.

"முப்பது வருஷம் பெய்ரூட்ல லிஃப்ட் ரிப்பேர் பார்த்த ஆளு. பட்டனை அமுக்கினா கிடா கொழுத்துடும்னு நெனைச்சுட்டீங்களா, மாப்பிள்ளை?"

மெல்ஹெம் கம்பீரமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு பயம் ஒளிந்திருந்தது. போன பிப்ரவரியில் இந்த மலையூரில் பனி வாசலை மூடிக்கொண்டிருந்தபோது டீசல் தீர்ந்துபோனது. நஜ்லா மூன்று கம்பளிக்குள் கிடந்து இருமினாள். அன்றிலிருந்து மகன் ரஷீத், கடற்கரைக்கு வந்துவிடும்படி வாராவாரம் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நஜ்லாவும் மறுக்கவில்லை.

"டிசம்பர்ல பர்பாரா திருநாளுக்குள்ள வீடு சூடா இருக்கணும், ஜாடியில கொழுப்புல வதக்கின கவர்மா இறைச்சி இருக்கணும். இல்லேன்னா நான் ரஷீத் வீட்டுக்குப் போறேன்" என்றாள் இப்போது. அவள் குரலில் கோபமே இல்லை. அவள் இல்லாத வீட்டில், தனக்குத்தானே காபி போட்டுக் குடிக்கும் ஒரு குளிர்காலத்தை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. காபி போடவும் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆகவே ஜூன் மாதம் மரம் அறுக்கும் வாள் இயந்திரத்தை இரவல் வாங்கி, வீட்டுக்குக் கீழே மலைச்சரிவின் படிநிலத்தில் நின்ற மூன்று மல்பெரி மரங்களையும் சாய்த்தார். சாய்ந்த மரத்தின்மேல் ஒரு காலை வைத்துப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். உருட்டுக் கட்டைகளைப் பிளக்காமல் அப்படியே அடுக்கி, மழை படாதிருக்க பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிக் கட்டினார். அடடா, எத்தனை பாதுகாப்பு! ஒரு சொட்டு ஈரம்கூட வெளியே தப்ப முடியாது.

ஜூலையில் கிடா வந்தது. வாலில் கொழுப்புச் சேரும் செம்மறி ஜாதி, கறுத்த முகம். வீட்டின் கீழறையில் அதைக் கட்டிவிட்டு மெல்ஹெம் கையைத் தட்டிக்கொண்டார். நஜ்லா கேட்டாள்:

"எதை ஊட்டப் போறீங்க?"

"இதென்ன கேள்வி? எல்லாரும் எதை ஊட்டுவாங்க? மல்பெரி இலை..."

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பார்வை படிநிலத்துக்குப் போய்விட்டது. மூன்று அடிக்கட்டைகள். பக்கத்தில் பிளாஸ்டிக் சுற்றிய அடுக்கு. இலையுதிர்காலம் வரை கிடா தின்ன வேண்டிய சாப்பாடு முழுவதையும் அவர் கட்டை கட்டையாக அறுத்து வைத்திருந்தார். நஜ்லா சிரித்திருந்தால் தேவலை. ஆனால் அவள் மாடிப்படி ஏறிப் போனாள். பெட்டி எடுக்கத்தான் போகிறாள் என்று அவரும் பின்னாலேயே ஏறினார். அவள் போனது துணி காயப்போட.

இலை ஸல்ஃபாவிடம்தான் இருந்தது. ஐந்து மரங்கள், கிளை தெரியாமல் இலை.

"பறிச்சுக்கோங்க, மாப்பிள்ளை. ஆனா கிடாவை இங்கயே கொண்டாந்து என் கண்ணு முன்னாடி ஊட்டுங்க. எங்க வீட்ல டிவி ஓட கரண்ட் இல்ல."

அப்படியே செய்தார். கிடா கொழுக்க இந்த ஊர்ப் பெண்கள் கையால் ஊட்டும்போது எவ்வளவு சுலபமாகத் தெரிகிறது அந்த வேலை! இலையைச் சுருட்டு, தாடையைத் திற, உள்ளே தள்ளு, தொண்டையைத் தடவிவிடு. மெல்ஹெம் சுருட்டிய இலையைக் கிடா அவர் சட்டையிலேயே துப்பியது. விரலைக் கொடுத்தால் மட்டும் மென்றது.

"விரல் பிடிச்சிருக்கு போல. உங்க கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஸல்ஃபா.

ஆகஸ்டில் கிடா, வந்தபோது இருந்ததைவிட இளைத்திருந்தது. மெல்ஹெமும் இளைத்திருந்தார்.

ஆனால் செப்டம்பரில் ஒரு அற்புதம் நடந்தது. கிடாவின் வால் தலையணை போல அகன்றது. முதுகெலும்பைக் கை தேடவேண்டியிருந்தது. மெல்ஹெம் சலூனில் உட்கார்ந்து, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, தன் ஊட்டும் முறையை விளக்க ஆரம்பித்தார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். கொஞ்சம் அதிக மரியாதை.

அக்டோபரில் ஒரு மாலை, மருந்துக் கடைக்குக் கிளம்பியவர் பணப்பையை மறந்து பாதியில் திரும்பினார். கீழறையிலிருந்து நஜ்லாவின் குரல் கேட்டது.

"வாயைத் திற. திறடா கண்ணு. நீ கொழுக்கலேன்னா நான் மருமக வீட்ல போய் சோபாவில படுக்கணும். அங்க ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுக்காரன் சமையலறை. இந்த மனுஷன் இங்க என்னத்தைத் தின்பாரு? முழுங்கு. ம், இன்னொரு வாய்."

மெல்ஹெம் கதவோரம் நின்றார். இத்தனை மாதமாக, அவள் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தார். அவர் முன்னால் அவள் ஒருநாளும் கிடா பக்கம் போனதில்லை; அவருடைய பெருமை உடையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண் நிறைந்து வழிந்தது. வைக்கோல் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்தான். அறையில் வைக்கோலே இல்லை.

சத்தமில்லாமல் திரும்பி நேராக விறகு அடுக்குக்குப் போனார். பிளாஸ்டிக்கை அறுத்தார். கட்டைகளின்மேல் பூஞ்சணம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கோடரியால் ஒன்றைப் பிளந்தார். உள்ளே இன்னும் ஈரம், கைக்குக் குளிர்ந்தது.

ஸல்ஃபாவின் முற்றத்தில் இரண்டு வருடம் காய்ந்த கருவாலி என்னும் ஓக் விறகு சுவர் போல நின்றது. இதுவரை அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்திருக்கிறார்.

"அக்கா, என் மல்பெரி முழுக்க எடுத்துக்கோங்க. பிளந்து அடுக்கித் தரேன், அடுத்த வருஷம் எரியும். இந்த வருஷத்துக்கு உங்க கருவாலி குடுங்க."

"உங்க விறகுக்கு என்ன?"

"எனக்கு விறகைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"சத்தமா."

"ஒண்ணும் தெரியாது, அக்கா. ஆட்டைப் பத்தியும் தெரியாது."

"ஆடு விஷயம் ஊருக்கே தெரியும். சலூன்காரன் தினம் வந்து எங்கிட்ட சொல்லிச் சிரிச்சுட்டுப் போறான்." ஸல்ஃபா எழுந்து விறகின்மேல் கிடந்த தகரத்தை விலக்கினாள். "எடுங்க. குனிஞ்சு தூக்காதீங்க, உக்காந்து தூக்குங்க. அதுவும் தெரியாதா?"

நவம்பரில் கிடாவை அறுத்தார்கள். நஜ்லா ஒரு நாள் முழுக்கப் பெரிய பாத்திரத்தின் முன் நின்று, கொழுப்பை உருக்கி, இறைச்சியை அதில் உப்போடு வதக்கி ஜாடிகளை நிரப்பினாள். அவளைக் கிண்ட விட்டுவிட்டு மெல்ஹெம் கருவாலி எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் கேட்டுக்கேட்டு.

பர்பாரா திருநாளன்று வெளியே பனி கொட்டியது. கோதுமைப் பாயசம் கொதிக்க, அடுப்பின் தகரம் சிவக்க, ரஷீத் போனில் கூப்பிட்டான்.

"இல்லப்பா, நான் வரலை" என்றாள் நஜ்லா. "வீடெல்லாம் சூடாத்தான் இருக்கு. அதுக்கில்ல. உங்கப்பாவைத் தனியா விட்டா, விறகு தீர்ந்ததும் கதவைக் கழற்றி அடுப்புல வச்சுருவாரு."

மெல்ஹெம் அடுப்புக்குள் இன்னொரு கட்டையைத் தள்ளினார். விறகு தீர்ந்தால் எரிக்க அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தது கதவையல்ல, அவளுடைய பழைய அலமாரியை.