கதவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது

கொழும்பு மருதானையில் ஒரு சலூன். பாதி முகம் சவரம் முடிந்திருந்தபோது வானொலி அவருடைய பெயரைச் சொன்னது. மத்தியான மரண அறிவித்தல். கல்முனையைச் சேர்ந்த அரிசி ஆலை உரிமையாளரும் கொடைவள்ளலுமான ஆதம்லெவ்வை ஹாஜியார் காலமானார். பிறகு பிள்ளைகளின் பெயர்கள். மருமக்களின் பெயர்கள். ஜனாஸா நேற்றே நல்லடக்கம் செய்யப்பட்டுவிட்டது. அடுத்த பெயர்.

"உங்கட பக்கமா தம்பி?" சவரக்காரர் கேட்டார்.

"ஓம்."

"வள்ளல் எண்டு சொல்றான். உண்மையாக் குடுத்த மனிசனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் நாடியைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்.

அந்தக் கேள்விக்கான பதிலாக இதை எழுதத் தொடங்கினேன். பதில் வரவில்லை. வேறு ஒன்று வந்திருக்கிறது. அவரை அறிந்தவர்கள் இதை வாசிக்க வேண்டும். குறிப்பாக, கடைசிப் பந்தி வரைக்கும்.

எழுபத்தெட்டுச் சூறாவளி ஓய்ந்த பிறகு ஹாஜியார் தன் ஆலை முற்றத்தில் கூரைத் தகரம் பங்கிட்டார். ஊரே வரிசையில் நின்றது. நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அவர் சொல்லித்தான் தெரியும், ஒரே ஒரு தடவை சொன்னார். வரிசையில் ஒருவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். முறை வந்ததும் துவாய் விலகியது. ஹாஜியாருடைய பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார்.

"அவர் தகரத்தப் பாத்தார். நான் நிலத்தப் பாத்தன்" என்றார் ஹாஜியார். "அவருக்கு நான் குடுக்கல்ல மனே. அவர்ட முகத்தப் பறிச்சி எடுத்தன்."

அடுத்த வருடம் குடும்பச் சொத்தில் ஒரு பகுதியை எழுதிவைத்து நிதியம் தொடங்கினார். அதற்கு ஒரே ஒரு சட்டம். யாரும் தனக்காகக் கேட்கக் கூடாது. தன் இரத்தத்துக்காகவும் கேட்கக் கூடாது. அடுத்தவருக்காக வந்துதான் கேட்க வேண்டும். கிடைப்பதைக் கேட்டவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஹாஜியாரின் முகத்தைப் பார்க்க மாட்டார். ஹாஜியாரும் அவரைப் பார்க்க மாட்டார்.

நான் எண்பத்திரண்டில் அங்கே எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். தர்மம் என்பது அநீதியின் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு என்று பல்கலைக்கழகச் சஞ்சிகையில் கட்டுரை எழுதியவன். வேலை கிடைக்கவில்லை. சுண்ணாம்பு அடிக்கப் போனேன்.

ஆலையின் முன் அறைதான் காரியாலயம். ஒரே மாதிரியான இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்று அவருக்கு, மற்றது கேட்க வந்தவருக்கு. எனக்கு மூலையில் மேசையும் வாங்குப் பலகையும். விண்ணப்பப் படிவம் கிடையாது. வந்தவர் சொல்லுவார். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிவில் ஒரு கேள்வி. எல்லாரிடமும் அதே கேள்வி.

"அவர்ட ஊட்டுக் கதவு எந்தப் பக்கம் பாத்திரிக்கி?"

தெரிந்தால், அந்த வீட்டுக்குப் போனவர். போனவர் சொன்னால் கொடுப்பார். தெரியாவிட்டால் இல்லை. ஒருமுறை ஒரு பெரிய அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் வந்தது. ஹாஜியார் வாசித்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கவரில் வைத்தார். "எழுத்து நல்லம். ஆனா இவர் அந்த ஊட்டு வாசல் கடப்பத் தாண்டினவரில்ல. தாண்டிட்டு வரச்செல்லு."

சட்டத்தை ஏமாற்றினார்கள். மாவடிப்பள்ளியில் இருந்து இரண்டு விவசாயிகள் சேர்ந்து வந்தார்கள். எனக்கு நீ கேள், உனக்கு நான் கேட்கிறேன் என்று ஒழுங்கு. முதலாமவர் உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தார். நன்றாகத் தொடங்கியவர் நடுவில் தடுமாறினார். வெளியே நின்ற கூட்டாளியைப் பார்த்துக் கழுத்தை வாசல் பக்கம் நீட்டினார்.

"காக்கா! உங்கட பொண்டாட்டிக்கு என்ன வருத்தம்?"

"முட்டுடா! முட்டு! வரக்குள்ள பத்துத்தரம் செல்லித்தானே கூட்டி வந்தன்!"

"முட்டாம் ஹாஜியார். மூச்செடுக்க ஏலாதாம்."

"விளங்கிச்சி. அவர்ட ஊட்டுக் கதவு?"

"தெக்க. ஆனா அது பூட்டுப்படாது. கறையான் திண்ட கதவு. அதுக்கும் சேத்து ஏதும் பாத்துக்குடுத்தா நல்லம்."

ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். அவர்கள் போன பிறகு நான் முறைப்பாடு செய்தேன்: இது வெறும் பண்டமாற்று. அவர் சொன்னார்: "செய்யட்டும் மனே. ஒருத்தன்ட ஊட்டு வருத்தத்த மத்தவன் பாடமாக்கிட்டு வாறான். பாதி மறந்தாலும் மிச்சம் பாதி மனசில கிடக்கும்."

அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. முன்கோபி. சொன்னதை மாற்ற மாட்டார். ஊரோடு ஒட்டாத ஒரு கிழவன் இருந்தான். யாரும் அவனுக்காக வரவில்லை. மழைக்காலத்தில் கூரையில்லாமல் செத்தான். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவரும் என்னோடு பேசவில்லை. சட்டம் அப்படியே இருந்தது.

இனி பாக்கியம்.

தம்பிலுவில் பக்கத்துப் பெண். கருவாடு விற்பவள். தலையில் கூடையோடு எங்கள் ஊர் ஒழுங்கைகளிலும் தமிழ் ஊர்களின் ஒழுங்கைகளிலும் நடப்பாள். எந்த வீட்டு அடுப்பில் எத்தனை நாளாகப் பூனை படுத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மாதத்தில் இரண்டு தடவையாவது அந்தப் பிரம்பு நாற்காலியில் வந்து இருப்பாள். கூடையை வெளியே வைப்பாள். வாசனை உள்ளே வரும்.

"என்ன பாக்கியம், இண்டைக்கு ஆர்ட வழக்கு?"

"பெரிய வழக்கு ஹாஜியார். நீங்க தோத்துப்போவீங்க."

"நான் எண்டைக்கு உன்னிட்ட வெண்டன்?"

"பின்ன என்னத்துக்குக் கதவக் கேக்கிறீங்க? அஞ்சு வருசமாக் கேக்கிறீங்க, நானும் செல்லிட்டுத்தான் இருக்கன். எனக்கெண்டா உங்களுக்குக் கதவுப் பைத்தியம் எண்டுதான் தோணுது."

அவள் கேட்டவர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள். கணவன் விட்டுப்போன ஒரு பெண்ணுக்குத் தையல் மெஷின். ஓதிக்கொடுக்கும் ஒரு லெவ்வைக்கு மூக்குக்கண்ணாடி. அந்த லெவ்வை அவளிடம் கருவாடு வாங்கும்போது ஒரு சதமும் விட்டுக்கொடுக்க மாட்டாராம். "கண்ணாடி போட்டா மீன்ர அளவாவது சரியாத் தெரியும்" என்று கேட்டு வாங்கிப் போனாள்.

பிறகு எண்பத்தைந்து.

அதை நான் விவரிக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியும். தமிழரும் முஸ்லிம்களும், நேற்று வரை ஒருவருக்கொருவர் கதவு திறந்தவர்கள். இரு பக்கமும் எரிந்தது. வீதிகள் அடைபட்டன. யாரும் யாருடைய வீட்டுக்கும் போகவில்லை. ஆகவே யாரும் யாருக்காகவும் கேட்க வரவில்லை. ஹாஜியார் தினமும் காலையில் வந்து தன் நாற்காலியில் அமர்ந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. இத்தனை தேவை இருந்த காலம் வேறில்லை. நாங்கள் யாருக்கும் எதுவும் கொடுக்காத காலமும் வேறில்லை.

"சட்டத்த மாத்துங்க ஹாஜியார்" என்றேன்.

"அடுத்தவனுக்காகக் கேக்க ஒரு ஆள் மிஞ்சல்ல எண்டா, நான் தகரத்தக் குடுத்து என்ன, குடுக்காட்டி என்ன?"

அந்தப் பதில் எனக்கு அப்போது ஆழமானதாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஒரு காலை அவர் வயலுக்குப் போயிருந்தார். பாக்கியம் வந்தாள். கூடை இல்லை. கருவாட்டு வாசனையும் இல்லை. அதனால்தானோ என்னவோ முதலில் அடையாளம் தெரியவில்லை. எப்படி வந்து சேர்ந்தாள் என்று நான் கேட்கவில்லை. நாற்காலியில் அவள் இருக்கவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீடு எரிந்துவிட்டது. புருசனைக் காணவில்லை. பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருக்கிறாள். மகளுக்குப் பத்து வயது. இதயத்தில் வால்வு பழுது. கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆஸ்பத்திரியில் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"சொந்தப் பிள்ளைக்குக் கேக்க ஏலாதே அக்கா" என்றேன். "உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும் தம்பி."

"ஆரையாவது கூட்டிக்கொண்டு வாங்க."

அவள் சிறிது நேரம் என்னையே பார்த்தாள். எதையோ எதிர்பார்த்த பார்வை. நான் பேனையைக் கையில் வைத்திருந்தேன்.

"ஓம் தம்பி" என்றாள். போனாள்.

பின்னேரம் ஹாஜியாரிடம் சொன்னேன். சட்டத்தைக் காப்பாற்றியவனின் தோரணையும் என் குரலில் கொஞ்சம் இருந்திருக்கும்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பாக்கியமா வந்த? எங்க இப்ப?"

"போயிட்டா."

"அவளுக்காக நீ கேட்டயா?"

"நானா? நான் உங்கட ஆள்தானே ஹாஜியார்."

"நீ அவள்ட ரத்தமா?"

"இல்ல."

"அப்ப?"

நான் மூன்று வருடம் அந்த வாங்கில் இருந்தவன். எழுந்து நாலடி நடந்து அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். அது என் மூளைக்கு எட்டவே இல்லை.

"இப்ப கேக்கிறன்" என்றேன். நாற்காலியில் அமர்ந்தேன். வால்வு, பத்து வயது, கொழும்பு என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பழக்கத்தில் அந்தக் கேள்வியைத் தொடங்கினார்.

"அவள்ட ஊட்டுக் கதவு..."

நிறுத்தினார். கண்ணைத் திறந்தார்.

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. எங்கள் எல்லார் கதவையும் அறிந்தவள். அவள் வீட்டுக் கடப்பை எங்களில் ஒருவரும் தாண்டியதில்லை.

மறுநாளே போகலாம் என்றார். மறுநாள் வீதி மூடப்பட்டது. பதினொரு நாள் மூடியிருந்தது. பன்னிரண்டாம் நாள் கார்ச் சாரதி வர மறுத்தான். ஹாஜியார் அவனை ஏசவில்லை. பஸ்ஸில் போனோம். பஸ் நின்ற இடத்தில் இருந்து நடந்தோம். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், வெள்ளைத் தொப்பியோடு, அந்த வீதியில். தொப்பியைக் கழற்றுங்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை.

முகாம் காலியாக இருந்தது. கரும்பலகையில் யாரோ பெயர்கள் எழுதி அழித்திருந்தார்கள். அங்கே தங்கியிருந்த காவலாளி சொன்னார்: கொஞ்சப் பேர் உறவுகளிடம் போய்விட்டார்கள், கொஞ்சப் பேர் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார்கள். பாக்கியமா? கருவாட்டுப் பாக்கியமா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டாராம். பிள்ளை நித்திரையோ என்னவோ, தலை தொங்கியிருந்தது.

வீட்டைக் காட்டச் சொன்னோம். கடலுக்குக் கிட்ட. சீமெந்துக் கல்லில் கட்டிய ஒற்றை அறை. கூரை இல்லை. சுவர்கள் கரி. வாசல் நிலை மட்டும் நின்றது. 

ஹாஜியார் நிலைக்கு முன் நின்றார். பிறகு குனிந்து உள்ளே போனார், கூரை இருப்பதைப் போல. நானும் போனேன். திரும்பிப் பார்த்தால் நிலையினூடாகக் கடல் தெரிந்தது.

"இப்ப கேளு மனே."

நான் கேட்டேன். பாக்கியத்தின் மகளுக்கு, கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு. முழுதாகச் சொன்னேன்.

"கதவு எந்தப் பக்கம் பாத்திரிக்கி?"

"கிழக்க."

"தந்தன்" என்றார்.

அங்கே வேறு யாரும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எதையும் தீர்மானித்ததாக எனக்கு நினைவில்லை. பாரிசவாதம் வந்தது. பேச்சுப் போயிற்று. பிள்ளைகள் நிதியத்தை ஏற்றார்கள். நான் கொழும்புக்கு வந்துவிட்டேன். போன வருடம் பார்க்கப் போனபோது ஆலை முற்றத்தில் வரிசை நின்றது. பதாகை, படப்பிடிப்பாளர். ஒவ்வொருவரும் தனக்காகக் கேட்டு, மூத்த மகனின் கையில் இருந்து வாங்கி, ஒரு கணம் படத்துக்கு நின்றார்கள். ஹாஜியாரின் கட்டில் மாடி ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலைப் பார்க்காமல் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கீழே இறங்கி மூத்த மகனிடம் போனேன்.

"படம் எடுக்கிறத நிறுத்துங்க. ஜன்னலால எல்லாம் தெரியுது அவருக்கு."

"வாப்பா செல்லச் சென்னாரா?"

"அவரால செல்ல ஏலாதே. அவருக்காக நான் கேக்கிறன்."

"நல்ல மனசு உங்களுக்கு" என்றார் அவர். கெட்டவர் இல்லை, உண்மையாகவே சொன்னார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

பாக்கியத்துக்குக் கொடுத்த சொல்லைப் பற்றியும் கேட்டேன். விண்ணப்பம் இருக்கிறதா என்றார். இல்லை. சாட்சி? நான் மேலே ஜன்னலைக் காட்டினேன். இப்போது அந்தச் சாட்சியும் இல்லை.

சவரக்காரருக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. நல்ல மனிதர் ஒரு சட்டம் செய்தார்; அது நல்ல மனிதர்களை நம்பிச் செய்த சட்டம். நாங்கள் போதவில்லை. நான் போதவில்லை. அவரிடம் இருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சொல் மட்டும். தந்தன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் நான். கொடுக்க ஆளைக் காணவில்லை.

ஆகவே இதை வாசிப்பவர்களே, ஹாஜியாரை அறிந்தவர்களே. அவளைக் கண்டவர் யாராவது இருப்பீர்கள். அக்கரையில், முகாமில், ஏதாவது ஒரு வீட்டு வாசலில், கூடையோடோ இல்லாமலோ. பெயர் பாக்கியம். கருவாடு விற்றவள். கூட ஒரு மகள் இருக்கலாம். அவளுக்காக நான் கேட்கிறேன்.

அவளுடைய வீட்டுக் கதவு கிழக்குப் பார்த்திருந்தது.