ஏழு வயதுக்கு ஒரு பரீட்சை

அப்போது நான் கண்டோன்மெண்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். என் மகள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. ஒரே கூடம், நடுவில் மூங்கில் தட்டி, அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. அங்கே வாத்தியார் கணக்குக் கேட்டால் இவள் இங்கிருந்து விடை சொல்லிவிடுவாள். அதற்குத் தண்டனையாக ஒரே வாரத்தில் மூன்று நாள் வெயிலில் நிற்க வைத்திருக்கிறார்கள். தெரிந்ததும் நேரே தலைமையாசிரியரிடம் போனேன்.

"பரீட்சை வச்சுப் பாருங்க சார். தேறினா மேல் வகுப்புல போடுங்க."

"ஏழு வயசுப் பொண்ணும்மா. எனக்கு அதிகாரம் கிடையாது. இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வா."

போகமாட்டேன் என்று நினைத்துத்தான் சொன்னார். போனேன். வியாழக்கிழமைதான் எனக்கு வார லீவு. மூன்று வியாழன் அங்கே காத்துக் கிடந்தேன். குமாஸ்தா தலை நிமிராமல் கன்னடத்தில் "நாளெ பன்னி" என்பார், நாளைக்கு வாங்க என்று. "நாளைக்கு எனக்கு டூட்டி" என்று நானும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

நாலாவது வியாழன் மகளையும் கூட்டிப்போனேன். இன்ஸ்பெக்டரே வெளியே வந்து விசாரித்தார். "தமிழ்ல கேள்வி கேக்க எனக்கு வராதேம்மா."

"கன்னடத்துலயே கேளுங்க சார். தெருவுல அதுதான் பேசுறா."

வாய்க்கணக்கு ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் சொன்னாள். ஒரு கணக்கில் மட்டும் நின்றாள். "விஸ்தீர்ணம்னா என்னா சார்?"

அவர் மேஜையின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். "இது பூரா." உடனே விடை சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

பிறகு ஆபீஸிலிருந்த தமிழ்ப் பியூனைக் கூப்பிட்டு, அவர் கேட்க, மகளை மூன்றாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வைத்தார். வரிக்கு வரி திக்கினாள்.

"கணக்குக்கு அஞ்சாம் கிளாஸ்ல உக்காரட்டும். மத்ததுக்கு மூணாம் கிளாஸ் போதும்" என்று எழுதிக் கொடுத்தார்.

"நாலாவதுல போடக்கூடாதா சார்?"

"வாசிக்கப் பழக்கும்மா. ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வா, நானே பரீட்சை வெக்கிறேன்."

கடிதத்தைத் தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். அன்றிலிருந்து கணக்கு வேளைக்கு அவளைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்.

வார்டில் படித்துப் போட்ட தமிழ்ப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். தினமும் சாயங்காலம் தலைப்பிலிருந்து விளம்பரம்வரை சத்தமாக வாசிக்க வைத்தேன். அழுத நாளும் உண்டு, நான் விடவில்லை. ஆறு மாதம் கழித்து, சொன்னபடியே இன்ஸ்பெக்டர் பரீட்சை வைத்தார். ஒரு பக்கம் முழுக்கத் தடங்கலில்லாமல் வாசித்தாள். அடுத்த திங்கட்கிழமை நாலாம் வகுப்புப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதினார்கள். எழுதி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.