உடல் மிகப் பெரியது

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரிக்கு நான் வெப்சைட் செய்து கொடுத்தேன். சென்னையில் பல வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நம்பினார். நானும் மறுக்கவில்லை.

யோசனை அவருடையது. மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் காயைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். அவர் கடையில் இருந்தபடியே நிறமும் பருமனும் பார்த்து, எந்த லோடை இறக்கச் சொல்வது என்று முடிவு செய்வார். தொடங்கிய அன்று எல்லோர் முன்னாலும் ஒரு படத்தை ஏற்றிக் காட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. யாரோ எப்போதோ அனுப்பிய, ஏற்கெனவே சுருங்கிப்போன படம் அது. அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாளே தேவாரம் ஊரைச் சேர்ந்த தோட்டக்காரர் ஒருவர், காய் உலர்த்தும் கட்டடத்தை வாசலிலிருந்து கூரை வரை சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்து ஏற்றினார். நடுவில் அவருடைய ஆடும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சர்வர் மூச்சடைத்துப் படுத்துவிட்டது.

நான் அவசரமாக ஒரு காரியம் செய்தேன். இரண்டு எம்.பி.க்கு மேல் எது வந்தாலும் திருப்பி அனுப்பு என்று கட்டளை எழுதினேன். அப்போது காட்ட வேண்டிய ஆங்கில எச்சரிக்கையை இணையத்தில் இலவசமாகத் தமிழாக்கி, படித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டினேன். அதன் பிறகு ஒரு வாரம் சர்வர் விழவே இல்லை.

“பாத்தீங்களாண்ணே, எம்புட்டு அமைதியா ஓடுது” என்று வியாபாரியிடம் பெருமையடித்தேன். இன்றைய போனில் எடுக்கும் படம் இரண்டு எம்.பி.க்குள் அடங்குவதே அபூர்வம். யாராலும் எதையும் ஏற்ற முடியாததால் வந்த அமைதி அது.

எட்டாம் நாள் காலை கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. குரங்கணிக்கு மேலே சொந்தமாக ஏலத்தோட்டம் நடத்தும் அம்மாள் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். நல்ல கனத்த உடம்பு. குரல் அதைவிடக் கனம்.

“என் உடம்பு பெருசுன்னு எழுதுனவன் எவன்?”

வியாபாரி பதறி எழுந்தார். “என்னக்கா சொல்றீக? அப்படி யாரு எழுதுவா?”

அந்த அம்மாள் போனை நீட்டினார். திரையில் சிவப்பு எழுத்தில் என் வெப்சைட் சொல்லிக்கொண்டிருந்தது: ‘உடல் மிகப் பெரியது. தயவுசெய்து குறைத்துவிட்டு மீண்டும் முயற்சிக்கவும்.’

கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த ஆள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. வியாபாரி என்னைப் பார்த்தார்.

“அக்கா, உங்களச் சொல்லல. நாம அனுப்புற சரக்குக்கு கம்ப்யூட்டர் பாஷையில ‘பாடி’ன்னு, அதாவது உடம்புன்னு பேரு” என்றேன்.

“உடம்பு இருந்தா தலையும் இருக்கணுமே?”

“இருக்குக்கா. தலைன்னு ஒரு பகுதி தனியா இருக்கு.”

“எழுதுனவனுக்குத்தான் இல்ல போல.”

அதோடு விட்டிருக்கலாம். அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. “எங்க பக்கம் சிக்னலு கெடைக்கிறது ஒரே ஒரு பாறை மேலதான் அப்பு. சோலிய விட்டுட்டு அதுல ஏறி அரை மணி நேரம் நின்னேன். நூறு சதவீதம் போயிருச்சுன்னு காட்டுச்சு. அதுக்கப்புறம் பெருசுங்குது. மூட்டைய மேல வரைக்கும் சுமக்க விட்டுட்டு, வாசல்ல வெச்சு கனமா இருக்கு, எறக்குன்னு சொல்லுவியா?”

முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகே அளவு பார்க்கும்படிதான் நான் எழுதியிருந்தேன். சென்னையில் எங்கள் ஆபீசில் இருந்த நெட் வேகத்தில் இந்தக் குற்றம் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு முகம் சுட்டது. அவருடைய ஜீப்பிலேயே மலையேறி அந்தப் பாறையைப் பார்த்தேன். ஒரு கோடு சிக்னல் வந்தது. மேகம் இறங்கியதும் போனது. நானும் அரை மணி நேரம் நின்றேன். அட்டைப்பூச்சி ஒன்று என் காலில் நிம்மதியாகச் சாப்பிட்டது.

நான்கு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். படத்தைப் போனிலேயே சுருக்கிவிட்டு அனுப்பும்படி செய்தேன். வீடியோவாக இருந்தால், ஏற்றும் முன்பே அளவு பார்த்துச் சொல்லிவிடும். எது போனாலும் துண்டு துண்டாகப் போகும். சிக்னல் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எச்சரிக்கையை என் கையால் எழுதினேன்: ‘வீடியோ பெரிதாக இருக்கிறது. கொஞ்சம் சின்னதாக எடுத்து அனுப்புங்கள்.’

அந்த அம்மாள் மறுபடி பாறை ஏறினார். பாதியில் மேகம் வந்தது, போனது. படம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து கடைக்கு வந்து சேர்ந்தது. நான் கம்ப்யூட்டரைப் பெருமையோடு வியாபாரி பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி, படத்தைப் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“அருமையா இருக்கு தம்பி. பச்சை அப்படியே தெரியுது” என்றவர், போனை எடுத்து அந்த அம்மாளை அழைத்தார். “அக்கா, படம் வந்துருச்சு. கையில உருட்டிப் பாத்தாத்தான எனக்கு நம்பிக்கை வரும்? ஜீப்புல ரெண்டு கிலோ சாம்பிளு கொண்டாங்க.”